வாசலோடு நின்றுவிடும் தப்பு

கண்டியிலிருந்து வத்தேகம தாண்டி பன்வில பக்கம் பஸ்ஸில் ஏறிப் போனவங்களுக்கு அந்த ரோடு தெரியும். ஒரு வளைவில் மாரியம்மன், அடுத்த வளைவில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார், கொஞ்சம் தள்ளி வெள்ளைப் புத்தர். மேலே நக்கிள்ஸ் மலையை மூடிக்கொண்டு பனி. எங்களில் ரெண்டு பேருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். அங்கே ஒரு தோட்டத்துக் கோயிலில் கிறிஸ்மஸ் கரோல் பழகும்போது நடந்த ஒரு சின்ன வாக்குவாதத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குது. தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

கீபோர்ட் இருந்தது. அதுக்குள்ளேயே இருக்கிற ‘டிஸ்கோ’ தாளத்தைப் போட்டு ஒரு பாட்டு பழகினோம். யாரும் ஒண்ணும் சொல்லல. பிறகு எங்களோடு வந்த தம்பி ஒருத்தன் மாமா வீட்டிலிருந்து ஒரு தப்பைக் கொண்டுவந்தான். நாலு அடிதான் அடிச்சிருப்பான். கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்து, “தம்பி, அது சாவுக்கு அடிக்கிறது. பாலன் பிறப்புக்கு இல்ல. பக்தியே போயிரும்” என்றார். கோபமா சொல்லல, கெஞ்சுற மாதிரி சொன்னார். நாங்க வாதாடத் தயாரா இருந்தோம். அதுக்குள்ள தம்பியோட மாமாவே குறுக்கே வந்தார். “அதை அடிச்சதாலதான் எங்கள ஒதுக்கி வச்சாங்க. கோயில்லயாவது அது இல்லாம இருக்கட்டும்டா.”

பெரியவர் சொன்னதுக்குப் பதில் எங்ககிட்ட இருந்தது. மாமா சொன்னதுக்கு இல்லை.

கிறிஸ்தவ வழிபாட்டில் பயபக்தி எவ்வளவு, கொண்டாட்டம் எவ்வளவு என்பது நம்ம சபைகளில் ஓயாத சண்டை. பெரியவர்கள் ‘அமைதி’ என்பார்கள், இளைஞர்கள் ‘சந்தோஷம்’ என்பார்கள். ரெண்டு பக்கமும் வேதத்தைத்தான் எடுத்துக் காட்டும். வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பக்கத்துக்கும் தேவையான கதை ஒரே அதிகாரத்தில் இருக்கு. சாமுவேலின் இரண்டாம் புத்தகம், ஆறாம் அதிகாரம். உடன்படிக்கைப் பேழையை வண்டியில் ஏற்றி வருகிறார்கள். மாடு இடற, ஊசா கையை நீட்டிப் பேழையைப் பிடிக்கிறான், அந்த இடத்திலேயே சாகிறான். தாவீது பயந்துபோய்ப் பேழையை மூணு மாசம் இன்னொருத்தர் வீட்டில் விட்டுவிடுகிறான். பிறகு அதே பேழையை எடுத்து வரும்போது, அதே தாவீது நார்ப்பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிறான். பயமும் ஆட்டமும் ஒரே ஆளிடம், ஒரே பெட்டிக்கு முன்னால்.

ஆனா நாங்க இந்தத் தடவை திரும்ப வாசிச்சப்போ கண்ணில் பட்டது மீகாள். ஜன்னல் வழியா பார்த்துத் தாவீதை இகழ்கிறவள். அவள் சொல்லும் குறை என்ன? கடவுளுக்கு முன்னால் மரியாதை இல்லாமல் ஆடினாய் என்பதல்ல. அடிமைப் பெண்கள் பார்க்கும்படி, கீழ்மக்களைப் போல ராஜா ஆடிவிட்டாரே என்பதுதான். அவள் ராஜாவின் மகள். அவளை உறுத்தினது அந்தஸ்து. தாவீதின் பதிலும் அதைத் தொட்டே வருகிறது: அந்தப் பெண்களிடத்தில் நான் கனம் பெறுவேன் என்கிறான். ‘பயபக்தி’ என்ற சொல்லுக்குள் அந்தஸ்து எப்போது நுழைந்தது என்ற கேள்வி அங்கேயே இருக்கு. மலையகத்துக்கு அது இன்னும் கிட்டத்தில் இருக்கு.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் காலத்தில் எபிரேயப் பெண்கள் கையில் வைத்து அடித்த வாத்தியத்தின் பெயர் ‘தோஃப்’. வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கைப்பறை. மிரியாம் செங்கடலைத் தாண்டி வந்து அடித்தது அதுதான். 150ஆம் சங்கீதத்தில் வருவதும் அதுதான். புரொட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதைத் ‘தம்புரு’ என்று வைத்தது. நம்ம காதில் அந்தச் சொல் விழும்போது மனசில் வருவது தம்புரா, அதாவது கச்சேரி மேடை. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் மத்தளம் இருக்கு. வட்டச் சட்டத்தில் தோல் கட்டி அடிக்கும் வாத்தியம் தமிழனுக்குப் புதுசா என்ன? அதுக்கு நம்மிடம் பறை, தப்பு என்று பெயரே இருக்கு. அந்தப் பெயர் மட்டும் வேதத்துக்குள் வரவில்லை. மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டு ஒதுக்கினார்கள் என்று நாங்க சொல்ல வரல. அந்தச் சொல்லை எடுத்துப் பரிசுத்த வேதாகமத்தில் எழுத அவர்கள் கை போகவில்லை, அவ்வளவுதான்.

கண்டிப் பிரதேசத்தில் கிறிஸ்தவ வழிபாடு தொடங்கினது எந்தச் சத்தத்தோடு? மௌனத்தோடு என்றுதான் சொல்லணும், ஆனா அது பக்தியால் வந்த மௌனமில்லை. 1658க்குப் பிறகு டச்சுக்காரர் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கிய யோசேப் வாஸ் அடிகள் ராத்திரியில், ஒளிந்து, வீடுகளில் பூசை வைத்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று பிடித்து அடைத்தார்கள். சிறையிலேயே சின்னதா ஒரு கோயில் குடிசை போட்டுக்கொண்டார். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை விட்டான். கத்தோலிக்கர் கண்டியில் வெளிச்சத்தில் கும்பிட முடிந்தது. 1711இல் அவர் கண்டியிலேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தது எங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

வாஸ் அடிகளுக்குப் பின்னால் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழில் சாங்கோபாங்க சுவாமி, வேறொரு வேலை செய்தார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தள்ளினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் தவசு காலத்தில் இன்றும் வாசிக்கப்படுது. வாசிக்கப்படுது என்றால் பேசுவதல்ல. இழுத்து, ஒப்பாரி ராகத்தில் அழுவது. கோயிலே அழும். மூடிய உதடுதான் பயபக்தி என்று நினைக்கிறவர்கள் ஒரு பெரிய வியாழக்கிழமை ராத்திரி மன்னாரில் போய் உட்கார்ந்து பார்க்கணும். இங்கே சாவின் சத்தமே வழிபாடாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கு. அப்போ “அது சாவுக்கு அடிக்கிறது” என்பது மட்டும் எப்படி ஒரு தடையாகும்?

தோட்டங்களின் கதை அதுக்குப் பிறகு. கோப்பிக்காக இந்த மலைகளை வெட்டினபோது வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியா நடந்து வந்தவர்கள். அதில் பெரும் பங்கு ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவங்க. அவர்களோடு தப்பும் வந்தது. தோட்டத்தில் தப்புக்கு எத்தனை வேலை என்று பாட்டிமாரிடம் கேளுங்க. விடியக்காலை இருட்டில் ஆட்களை எழுப்புவது தப்பு. பெரட்டுக்கு அழைப்பது தப்பு. காமன் கூத்துக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. கேட்கிறவனுக்குத் தூரத்திலேயே செய்தி விளங்கிவிடும். அடிக்கிறதுக்கு முன்னால் வைக்கோலோ சருகோ கொளுத்தித் தோலைக் காய்ச்சணும், காயாத தப்பு பேசாது. அவசரப்பட முடியாது, விளையாட்டாகத் தொட முடியாது. ஒழுங்கும் பயமும் உள்ள வாத்தியம் அது.

1854இல் சிஎம்எஸ் மிஷனும் சில தோட்டத் தொரைமாரும் சேர்ந்து கண்டியை மையமாக வைத்து ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. (அந்தப் பெயரை எழுதும்போது இப்பவும் எங்களுக்குக் கை கூசுது.) திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஐயர் இதுக்கு வந்தார், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களும் வந்தார்கள். தோட்டம் தோட்டமா நடந்தார்கள். தப்பு கூப்பிட்ட அதே ஆட்களுக்குத்தான் உபதேசியார் ஜெபம் சொன்னார். ஆனா ஜெபத்துக்குள் தப்பு போகல. உபதேசியார் கொண்டுவந்தது ஞானப்பாட்டும் கீர்த்தனையும். கத்தோலிக்கப் பக்கம் 1886இல் கண்டி தனி மறைமாவட்டமானது. சில்வெஸ்திர பெனடிக்டைன் துறவிகள் பொறுப்பில் இருந்தார்கள். பூசை லத்தீனில். 1903இல் பாப்பரசர் பத்தாம் பியுஸ், கோயிலுக்குள் பியானோவும் மேளங்களும் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார். எங்க கமிட்டிப் பெரியவரின் பயம் வானத்திலிருந்து விழவில்லை. அவருடைய தாத்தா காலத்துச் சட்டம் அது.

கீர்த்தனை என்றதும் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைச் சொல்லாமல் நகர முடியாது. 1774இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னருக்கு நண்பர், பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் தமிழ் ராகத்தில் பாடுவதில் அவர் பங்கு பெரிது. 1820களில் புதுசா வந்த இளம் மிஷனரிமார் சபையை ‘சுத்தப்படுத்த’ தொடங்கினார்கள். சாஸ்திரியார் பொறுக்கல. நாலு கொடுமை நடக்கிறது என்று எழுதினார். பழகின வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. பண்டிகையில் பூவைத் தடுப்பது ஒன்று. கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துவது ஒன்று. இதுவரைக்கும் நாங்க அவர் பக்கம். நாலாவது? நற்கருணையில் எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வது.

இதை முதல் தடவை வாசிச்சப்போ எங்களுக்குள் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பூவும் பாட்டும் வேண்டும், பக்கத்தில் உட்காரும் ஆள் வேண்டாம். ஒரே மனுஷன், ஒரே பட்டியல். மிஷனரிமார் பக்கம் பார்த்தால் அங்கேயும் கோணல்தான். சாதியை உடைக்க வந்த கை, அதே வேகத்தில் பூவையும் பாட்டையும் பிடுங்கினது. சந்தோஷமான தமிழ் வழிபாடு என்று நாம் கொண்டாடும் மரபுக்குள்ளேயே யார் சந்தோஷப்படலாம் என்ற எல்லை இருந்திருக்கு. அந்த எல்லைக்கு வெளியே இருந்த வாத்தியம் எது என்று சொல்லவே தேவையில்லை.

இதைப் பளிச்சென்று எடுத்துப் பேசினவர் தமிழ்நாட்டின் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தவர், ‘பரட்டை’ என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டவர், 2005இல் இறந்தார். கர்நாடக ராகக் கீர்த்தனை மேல்சாதி ருசியைச் சுமந்து வருகிறது என்று நேராகச் சொன்னார். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில், முழு வழிபாட்டு முறையையே பாட்டாகப் போட்டார். கடவுளை ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார், அப்பா அம்மா ரெண்டுக்கும் பொருந்த. பறை உள்ளே வந்தது. பாவ அறிக்கையும் அதே மெட்டுக்குள்தான். ஆட்டம் இருக்குங்கிறதுக்காக நடுக்கத்தை அவர் விட்டுவிடல.

இலங்கைப் பக்கம் இதில் சிங்களக் கிறிஸ்தவர்கள் நம்மைவிட முன்னே போனார்கள். அங்கிலிக்கன் ஆயர் லக்தாச டி மெல், 1950இல் உருவான குருநாகல் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் (கண்டி அதற்குள்தான் வருது), உள்ளூர்க் கட்டிடக் கலையையும் இசையையும் உள்ளே அழைத்தார். தேவார் சூரியசேன சிங்கள வழிபாட்டுக்கு நாட்டு மெட்டில் இசை அமைத்தார். கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைப் போய்ப் பாருங்க. கண்டிய பாணியில் செதுக்கின கல் தூண்கள், திறந்த பக்கங்கள், டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள். அழகு. ஆனா அதில் நம்ம லயத்துச் சத்தம் எதுவும் இல்லை. உள்ளூர்மயம் என்றால் யாருடைய ஊர் என்பதையும் கேட்கத்தான் வேணும்.

கண்டிக்காரருக்கு இன்னொரு பாடம் வாசலிலேயே இருக்கு. எசல பெரஹரவில் எத்தனை மேளம்! அந்தச் சத்தத்தில் ஒருத்தரும் பக்தி குறைஞ்சிட்டதா நினைக்கிறதில்லை. தலதா மாளிகையில் தினமும் அடிக்கும் மேளத்துக்கே ‘சப்த பூஜை’ என்று பெயர், பூவை வைப்பது போல சத்தத்தை வைப்பது. ஆனா முழுசா மயங்கவும் வேண்டாம். அந்த மேளத்தை அடித்த பெரவா சாதியையும் சமூகம் கீழேதான் வைத்திருந்தது. சத்தம் புனிதம், அடிக்கிறவன் கீழே. இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை.

கத்தோலிக்கச் சபையில் கதவு திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1963 டிசம்பரில் வந்த வழிபாட்டுச் சட்டத்தில் ஒரு பத்தி எங்களுக்குப் பிடிக்கும். மக்கள் ஆர்ப்பரிக்கணும், பதில் சொல்லணும், பாடணும், உடலால் செய்கை காட்டணும் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், உரிய நேரத்தில் எல்லாரும் பயபக்தியோடு மௌனமாகவும் இருக்கணும் என்கிறது. 1967இல் வந்த இசை பற்றிய அறிவுறுத்தல், பொது எண்ணத்திலும் வழக்கத்திலும் உலகக் கேளிக்கைக்கு மட்டுமே ஏற்றவை என்று கருதப்படும் வாத்தியங்களை விலக்கச் சொல்லுது. கூடவே, அந்தந்த மக்களின் பண்பாட்டைக் கணக்கில் எடுக்கவும் சொல்லுது. சிக்கல் அந்தப் ‘பொது எண்ணம்’ என்ற சொல்லில் இருக்கு. தோட்டத்தில் பொது எண்ணம் யாருடையது? சபைகள் உயர்வாக மதிக்கும் ஆர்கனே ரோமர் காலத்தில் கிளாடியேட்டர் சண்டை நடக்கும் அரங்கில் ஒலித்த வாத்தியம்தான். கோயிலுக்குள் வர அதுக்குப் பல நூற்றாண்டுகள் ஆனது. எங்க கீபோர்டின் டிஸ்கோ தாளத்துக்கு ஒரு நாள்கூட ஆகல.

இதற்கிடையில் லயத்துச் சனங்களில் நிறையப் பேர் வேறு வாசலைத் தேடிப் போய்விட்டார்கள். 1924இல் பாஸ்டர் போல் என்கிற ராமன்குட்டி கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைப் பாருங்க. வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, தரையில் உட்காரணும், ஒழுங்கு என்றால் கடும் ஒழுங்கு. அதுக்குள்ளேயே கைதட்டு, கண்ணீர், ஆவியில் ஆட்டம். இன்றைக்குத் தோட்டப் பக்கம் தகரம் போட்ட சின்னச் சின்ன ஜெபவீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ‘சத்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போறாங்க’ என்று நம்ம ஆட்கள் குறை சொல்வதுண்டு. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிறவங்க, சொன்னது வேற: “அங்க நான் அழுதா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.” அதே சமயம் அங்கேயும் ஸ்பீக்கரை முழுசா திறந்துவிட்டால் ஆண்டவர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை வளர்ந்து வருது. எங்க தலைமுறையின் ‘வொர்ஷிப்’ பாட்டுகளுக்கும் அந்த வியாதி உண்டு, மறைக்க வேண்டாம். பாடுகிறவருக்கு விளக்கு, புகை. ஊசாவின் கதையை அங்கே யாரும் வாசிப்பதில்லை.

தப்புக்கு வருவோம். எங்க பக்கத்து நடைமுறையைக் கவனிச்சிருக்கீங்களா? ஆயர் தோட்டத்துக்கு வந்தால் தப்பு உண்டு. ரோட்டு முனையிலிருந்து அடித்து ஆட்டத்தோடு கூட்டி வருவார்கள். கோயில் வாசல் வந்ததும் தப்பு நிற்கும், ஆயர் உள்ளே போவார், அடிச்சவங்க வெளியே. திருநாள் பவனியிலும் இதே கதைதான். பொங்கல் பூசைக்கு மட்டும் ‘கலாசார நிகழ்ச்சி’ என்று காணிக்கையோடு ஒரு நிமிஷம் உள்ளே விடுவது இப்போ புது வழக்கம். சுற்றுலாக்காரருக்குக் காட்டுற மாதிரி. அதுக்கு வெளியே நிற்பதே மேல் என்று எங்களில் ஒருத்தர் சொன்னார், மறுக்க முடியல.

அப்போ உள்ளே கொண்டுவரணும் என்று எழுதி முடித்துவிடலாமே? மாமா சொன்ன வார்த்தை விட மாட்டேங்குது. பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு போராட்டமா இருந்திருக்கு. அடி வாங்கிக்கொண்டு மறுத்தார்கள். அப்படிக் கீழே வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கோயில் என்பது தப்பு இல்லாத இடம், அதுவே அவர்களுக்கு விடுதலை. படிச்ச பிள்ளைகள் நாங்க வந்து “இது உங்க அடையாளம், எடுங்க மாமா” என்று சொல்வது இன்னொரு விதமான தொரைத்தனம் ஆகிவிடும். சந்தோஷத்தை யாருக்கும் கட்டாயப்படுத்த முடியாது. அடிக்க ஆசைப்படுகிறவன் அடிக்கணும், எந்தச் சாதிப் பிள்ளையா இருந்தாலும் கற்றுக்கொள்ளணும். அந்தத் தம்பி அடிக்கிறதில் கீபோர்ட்காரனுக்கும் பங்கு இருக்கணும். ‘அவங்க ஆளுங்க அடிப்பாங்க’ என்று ஒதுக்கி வைக்கிற நாளில் அது பழைய பெரட்டுத்தான், சிலுவை வைத்த பெரட்டு. இதுவரைக்கும்தான் எங்களுக்குத் தெளிவு.

அந்தக் கிறிஸ்மஸ் ராத்திரி பூசைக்குள் தப்பு வரல. கமிட்டிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பூசை முடிந்து சனம் முற்றத்தில் கேக்கும் தேத்தண்ணியுமா நிற்கும்போது, தம்பி ஒரு ஓரத்தில் சருகைக் கொளுத்தித் தப்பைக் காட்டினான். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கீபோர்ட் வாசிச்ச பிள்ளையும் போய்க் குந்திக்கொண்டாள். அவன் அடிச்சான், கொஞ்சம் மந்தமாத்தான் வந்தது. மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தார். தப்பை வாங்கல. விரலால் தோலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“இன்னும் காயலடா” என்றார். சொல்லிட்டு லயத்துப் பக்கம் நடந்துபோனார்.